வெல்டு விடவில்லை

1

குமரேசண்ணா, நீங்கள் பொய் சொன்னீர்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில், அத்தனை பிட்டர்களும் வெல்டர்களும் கேட்க, உங்கள் சொந்தக் குரலில் சொன்னீர்கள். "இது தங்கராசு பத்த வெச்ச ஜாயிண்டுங்க. வெல்டு உட்டுப்போச்சு. அவன் ஃபாரின்ல சொகமா இருக்கறான். இங்க ஒருத்தன் கை வெந்து கெடக்கறானுங்க." கூடவே வெடித்த பைப்பின் போட்டோ ஒன்றும் போட்டீர்கள்.

அந்த வெல்டு விடவில்லை. எனக்கு அது இப்போதுதான் தெரியும். உங்களுக்கு அன்றைக்கே தெரியும்.

சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லி எனக்குச் செய்தி வந்தது. 'வெளிநாட்டு வாழ்க்கை பத்தி எழுதுங்க. குளிர் எப்படி, ஆடு மாடு எப்படி, பசங்க எப்படி, சுவாரசியமா இருக்கட்டும்' என்று கேட்டிருந்தார்கள். எழுதுகிறேன். குளிர் இருக்கிறது. ஆடு மாடு மனிதரை விட அதிகம் இருக்கிறது. மீதியைக் கீழே பாருங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பெயர் தங்கராசு. ஊர் அனுப்பர்பாளையம். பதினான்கு வருடம் திருப்பூர் சாயப்பட்டறைகளில் ஸ்டீம் பைப் போட்டேன். கடைசி ஆறு வருடம் ஒரே பட்டறை. அங்கே குமரேசண்ணன் மெயின்டனன்ஸ் இன்சார்ஜ், நான் அவருக்குக் கீழே வெல்டர். அங்கிருந்து நேராக நியூசிலாந்து. இங்கே ஒரு பால் பவுடர் ஃபேக்டரியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் பற்ற வைக்கிறேன். ஒன்பது வருடம் ஆகிறது. நன்றாக இருக்கிறேன். இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோபமாக எழுதுகிறவன் கஷ்டத்தில் இருக்கிறான் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்வார்கள். கஷ்டம் ஒன்றும் இல்லை. என் மகள் அனு, பதினேழு வயது, நான் ஊருக்குப் போனில் பேசுவதைக் கேட்டுப் பயந்துபோன தன் சிநேகிதியிடம் சொன்னாளாம்: "அப்பா கோவமா இல்ல. அவர் வாய்ஸே அதுதான்."

2

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் கராஜில் இருப்பேன். வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. இங்கே எல்லார் வீட்டிலும் உண்டு. மற்றவர்கள் அதில் படகு வைத்திருக்கிறார்கள், உட்கார முடியாத சோபா வைத்திருக்கிறார்கள். நான் கார் கட்டுகிறேன்.

பழைய காரை வாங்கிச் சரிபண்ணுவது இல்லை. கட்டுவது. சேசிஸ் நானே குழாய் வெட்டிப் பற்ற வைத்தது. இரண்டு சீட்தான். அடிபட்ட ஒரு ஜப்பான் காரிலிருந்து நாலு சிலிண்டர் எஞ்சினை எடுத்துச் சீட்டுக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறேன். ரேடியேட்டர் முன்னால், மூக்கில். இந்த நாட்டில் இப்படி வீட்டிலேயே கார் கட்டி, ஆய்வாளரிடம் காட்டி, நம்பர் வாங்கி ரோட்டில் ஓட்டலாம். யாரோ டீ நேரத்தில் இதைச் சொன்னார்கள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

என் மனைவி ஸ்டெல்லாவின் சொந்த ஊர் நாசரேத் பக்கம். பனியன் வேலைக்காகத் திருப்பூர் வந்த குடும்பம். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினோரு வருடம் செக்கிங் செக்ஷனில் இருந்தாள். எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலிருந்தும் வந்தவர்களை ஒரே ஆட்டோவில் ஏற்றியிருக்கலாம். இருபது வருடம் என்னோடு இருந்தும் அவள் பேச்சு தாமிரபரணியை விட்டு இந்தப் பக்கம் வரவில்லை.

"ரோட்டுக்கு ரோடு காரு விக்கான். இவிய குழாய வெட்டி காரு செய்யுதாவளாம்" என்று முதல் நாள் சொன்னாள். இரண்டாம் வாரம் அவளே வந்து குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சும்மா வீட்டுக்குள்ள இருந்து என்ன செய்ய? பிடிக்கேன், வையிங்க."

அனு எட்டிப் பார்ப்பாள். ஒரு பழக்கடையில் பகுதி நேர வேலைக்குப் போகிறாள், அவளுக்கு வேறு உலகம். "முடிஞ்சதும் சொல்லுங்க" என்பாள். தமிழில் கேட்டால் பாதி நேரம் ஆங்கிலத்தில் பதில் வரும். முன்பெல்லாம் அதற்குக் கத்துவேன். இப்போது நான் தமிழிலேயே கேட்கிறேன், அவள் எதிலோ சொல்கிறாள், விஷயம் புரிந்துவிடுகிறது.

3

எஞ்சினில் புகை வெளியே வர நாலு வாய். நாலுக்கும் நாலு குழாய் பிடித்து, வளைத்து, ஒரே குழாயில் கொண்டுவந்து சேர்ப்பதற்குப் பெயர் எக்ஸாஸ்ட் ஹெடர். சாயப்பட்டறையிலும் ஹெடர் உண்டு. பாய்லரில் இருந்து ஒரே குழாயில் வரும் ஸ்டீமை அது பத்து மிஷினுக்குப் பிரித்துவிடும். அது பிரிப்பது, இது சேர்ப்பது. பற்ற வைக்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தேன்.

நாலு குழாயும் ஏறக்குறைய ஒரே நீளம் இருக்க வேண்டும். ஆனால் எஞ்சினுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் இடம் ஒரு சோற்றுப் பானை வைக்கிற அளவுதான். வளைந்த குழாய்கள், பெண்டு என்போம், ரெடிமேடாக வாங்கி, முருங்கைக்காய் நறுக்குகிற மாதிரித் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, புள்ளியாக வெல்டு வைத்து, திரும்பக் கழற்றி, அரைத்து, திரும்ப வைத்து. மூன்றாவது குழாயை மட்டும் ஐந்து தடவை வெட்டினேன். முதலில் முழுதாகப் பற்ற வைத்துவிட்டு அப்புறம் மாட்டலாம் என்று நினைத்தால் எந்த நட்டுக்கும் ஸ்பேனர் போகாது. இதையும் ஒரு குழாய் வீணாக்கித்தான் கற்றேன்.

எல்லாம் ஆர்கான் வெல்டிங். வெளியே மட்டுமில்லை, குழாய்க்கு உள்ளேயும் ஆர்கான் வாயுவை நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்துவிட்டுத்தான் பற்ற வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்பக்கம் கருகிப் பொரிந்துவிடும். ஊரில் நாம் இதெல்லாம் பார்த்தோமா? பார்க்கவில்லை. வெளியே பளபளவென்று இருந்தால் போதும், 'சூப்பருங்' என்று முதலாளி போய்விடுவார். இங்கே பால் போகிற குழாய். உள்ளே ஒரு கடுகளவு பொரி இருந்தாலும் பால் தங்கிக் கெட்டுவிடும். கேமராவை விட்டுப் பார்க்கிறார்கள். என் முதல் மாதத்தில் பதினாறு ஜாயிண்டை வெட்டி எறிந்தார்கள். பதினாறு. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

எஞ்சினுக்கும் ஹெடருக்கும் நடுவில் வைக்கிற கேஸ்கட்டை நாம் பேக்கிங் என்றுதானே சொல்லுவோம். கடையில் போய் எக்ஸாஸ்டுக்குப் பேக்கிங் வேண்டும் என்றேன். அந்தப் பையன் உள்ளே போய், பார்சலுக்குச் சுற்றுகிற காற்றுக் குமிழித் தாள் ஒரு சுருள் எடுத்து வந்தான். எவ்வளவு வேண்டும் என்றும் கேட்டான்.

கடைசியில் நாலும் சேருகிற இடத்தைச் சேசிஸோடு ஒரு பிராக்கெட் வைத்து இறுக்கினேன். பிடித்து ஆட்டினேன். அசையவில்லை. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு ஆட்டச் சொன்னேன். "கோயில் தூண் மாதிரி நிக்கு" என்றாள். அன்று மத்தியானம் பிரியாணி.

4

அடுத்தது தண்ணீர்க் குழாய். எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். சூடான தண்ணீர் முன்னால் போக ஒன்று, ஆறின தண்ணீர் பின்னால் வர ஒன்று, காரின் வயிற்றுக்கு அடியில் இரண்டு நீளக் குழாய். இதற்கு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்று இருந்தேன். குழாய் போடுவதில் எனக்கு என்ன தெரியாது?

ஸ்டீம் லைன் போட்டவர்களுக்குத் தெரியும். ஸ்டீம் குளிர்ந்தால் தண்ணீராகும். அந்தத் தண்ணீர் குழாயில் தேங்கினால் ஸ்டீம் அதைத் தூக்கி அடிக்கும், சம்மட்டி மாதிரி. அதனால் குழாயை வாட்டமாகப் போடுவோம். எங்கே பள்ளமோ அங்கே தண்ணீரை வடிக்க ஒரு வால்வு, ட்ரெயின், வைப்போம். நமக்குத் தண்ணீர்தான் எதிரி, அது பள்ளத்தில்தான் ஒளிந்திருக்கும். பதினான்கு வருடம் என் கண் பள்ளத்தையே தேடிப் பழகிவிட்டது.

எஞ்சினில் இருந்து கிளம்பும் குழாயைக் கியர் பாக்ஸுக்கு மேலே ஒரு தூக்குத் தூக்கித் தாண்டினேன். அங்கிருந்து முன்னால் வரை அழகான வாட்டம். ரசமட்டம் வைத்துப் பார்த்துப் போட்டது. பள்ளம் வருகிற இடங்களில் எல்லாம் ட்ரெயின், மொத்தம் நாலு. வேலை அத்தனை சுத்தம்.

ஸ்டார்ட் செய்தேன். கால் மணி நேரம் ஓடியது. சூடு காட்டுகிற மீட்டரில் முள் பாதியைக்கூடத் தொடவில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"ஏங்க, பின்னால கொதிக்குலா!" ஸ்டெல்லா கத்தினாள்.

"மீட்டர் பாரு, ஜில்லுன்னு இருக்குது."

"மீட்டர என்னத்துக்குப் பாக்கீய? சத்தத்தக் கேளுங்க!"

கேட்டேன். கொதிக்கிற சத்தம். ஆஃப் செய்தேன். தண்ணீர் பாட்டில் மூடி வழியாக ஆவி பீய்ச்சி அடித்துக் கராஜ் முழுக்கப் புகை மூட்டம். இரண்டு பேரும் தோட்டத்துக்கு ஓடினோம்.

தண்ணீர்க் குழாயில் காற்றுதான் எதிரி. அது மேட்டில் போய் உட்காரும். நான் தூக்கிப் போட்ட மேட்டில் காற்று சிக்கி, தண்ணீரைத் தாண்ட விடவில்லை. சூடு பார்க்கிற சென்சாரும் அந்தக் காற்றுக்குள்ளேயே நின்றதால் முள் பொய் சொன்னது. நாலு பள்ளத்தில் ட்ரெயின் வைத்தவன், ஒரு மேட்டில் காற்று வெளியே போக வழி வைக்கவில்லை. கார் மெக்கானிக் எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். வீட்டில் பைப் ரிப்பேர் பார்க்கிற பிளம்பர்கூடச் செய்யமாட்டான். சாயப்பட்டறைக்காரன் மட்டும்தான் செய்வான்.

மேட்டில் ஒரு சின்ன நட்டு வைத்துக் காற்று எடுக்க வழி செய்தேன். அங்கிருந்து மெல்லிய குழாய் ஒன்றைத் தண்ணீர் பாட்டிலுக்குக் கொண்டுபோனேன். காரின் மூக்கை ஜாக்கியில் தூக்கி வைத்து, மெதுவாக நிரப்பினேன். முக்கால் மணி நேரம் குமிழி குமிழியாகக் காற்று வந்துகொண்டே இருந்தது. அதற்கு அப்புறம் இன்றுவரை கொதிக்கவில்லை.

5

ஆய்வாளர் பெயர் ஹெலன். ஐம்பது வயது இருக்கும். வந்ததும் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார், தேநீர் கொடுத்தால் அங்கேயே கையை நீட்டி வாங்கிக்கொள்வார். இந்த நாட்டில் காகிதத்துக்குக் குறைவில்லை. ஒவ்வொரு பிராக்கெட்டுக்கும் போட்டோ, ஒவ்வொரு போல்ட்டுக்கும் எங்கே வாங்கினாய் என்ற கேள்வி. படிவத்தில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் வேறு வழியில்லாமல் அப்பா பெயரைத்தான் எழுத வேண்டும். அதனால் இந்தக் காரைக் கட்டியவர் பழனிசாமி என்று ஆகிவிட்டது. மிஸ்டர் பழனிசாமி, பிரேக் எங்கே, மிஸ்டர் பழனிசாமி, லைட் எங்கே என்று ஹெலன் கேட்பார். சைக்கிள் செயின் மாட்டத் தெரியாத மனுஷன் என் அப்பா.

படிவத்தில் ஒரு முழுப் பக்கம்: கட்டும்போது நடந்த தவறுகள், அவற்றைச் சரிசெய்த விதம், கட்டியவர் கையெழுத்து. நான் அதில் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பீர்கள். நம் ஊரில் தப்பைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் அந்தக் காகிதமே நம் கழுத்துக்கு வரும். தப்பு நடந்தால் முதல் கேள்வி யார் என்பது. என்ன என்பது அப்புறம். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு லீவில் இருக்கிறவன் பெயரைச் சொல்வது வழக்கம். லீவில் யாரும் இல்லையென்றால் வேலையை விட்டுப் போனவன்.

ஹெலன் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். "ஒரு தப்பும் இல்லாமல் யாரும் கார் கட்டியதில்லை. நீ ஒன்று பார்க்கவில்லை, அல்லது மறைக்கிறாய். எதுவானாலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. மறைக்கிறவன் என்று என்னை ஒரு பெண் என் வீட்டில் வைத்துச் சொல்கிறாள் என்று ஒரு நிமிஷம் பல்லைக் கடித்தேன். அப்புறம் உட்கார்ந்து எழுதினேன். காற்றுக்கு வழி வைக்காதது. மூன்றாவது குழாயை ஐந்து தடவை வெட்டியது. என் ஆங்கிலத்தில் எழுத முக்கால் மணி நேரம் ஆனது. ஹெலன் படித்துவிட்டுச் சிரித்தார். "ஸ்டீம் ஆளா நீ?" என்றார். அவ்வளவுதான். தலை போகவில்லை. தோளில் இருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அன்று சாயந்திரம் தோட்டத்துப் புல்லை வெட்டினேன், யாரும் சொல்லாமலே.

6

எழுதப் பழகிவிட்டதால் இதையும் எழுதுகிறேன். இதுவரை ஸ்டெல்லாவிடம்கூடச் சொன்னதில்லை.

குமரேசண்ணன் சொன்ன அந்த ஜாயிண்டை நான் ஈரமான வெல்டிங் ராடில் பற்ற வைத்தேன்.

ஐப்பசி மழை. புது ஷெட்டுக்கு முப்பது மீட்டர் ஸ்டீம் லைன். வெல்டிங் ராடு ஈரத்தை உறிஞ்சியிருந்தது. அதைச் சூடு பண்ணிக் காய வைத்துத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜாயிண்டில் விரிசல் விடலாம். குமரேசண்ணன் வந்து நின்றார்.

"கண்ணு, காத்தால ஸ்டீம் உட்டாகோணும். ஷிப்மெண்டு நிக்குது."

"ராடு ஈரமுங்ணா. ரெண்டு மணி நேரம் குடுங்."

"ரெண்டு மணி நேரத்துக்கு நா எங்க போறது? அப்படியே வெய்யி, ஒண்ணும் ஆகாது."

வைத்தேன். சொன்னது அவர். வைத்தது என் கை. மறுநாள் ஸ்டீம் விட்டோம், ஒரு சொட்டு ஒழுகவில்லை. நான் இங்கே வந்து ஆறாவது வருடம் அந்த ஜாயிண்ட் பக்கத்தில் பைப் வெடித்தது. கீழே மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த பிஜய் என்ற ஒடிசாக்காரருக்கு வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. நான் இருந்தபோது என்னோடு டீ குடித்த ஆள். எனக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது, ஆனாலும் சிரித்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் கிடந்தவரிடம் 'பழைய வெல்டர் வைத்த ஜாயிண்ட்' என்று சொன்னார்களாம். கை ஆறியதும் ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

குரல் பதிவைக் கேட்டபோது ஃபேக்டரி கார் பார்க்கிங்கில் இருந்தேன்.  ஈர ராடு ஞாபகம் வந்தது. மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஊரே என்னைக் கோபக்காரன் என்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நான் கோபப்படவில்லை, ஏனென்றால் அண்ணன் சொன்னதை நான் நம்பினேன். பிஜய் கையை வேக வைத்தது நான்தான் என்று நம்பினேன்.

7

பக்கத்துப் பண்ணையின் மண் ரோட்டில் காரை ஓட்டிப் பார்க்க அனுமதி வாங்கியிருந்தேன். ஆறு வாரம் ஓட்டினேன். ஆறாவது சனிக்கிழமை பின்னால் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம், புகை நாற்றம். ஹெடரைக் கழற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன். ஒவ்வொரு வெல்டாகத் தடவினேன். ஒன்றும் தெரியவில்லை. சத்தம் போட ஆரம்பித்தேன்.

"கத்தினா ஓட்டை வெளிய வந்துருமா? தள்ளுங்க" என்றாள் ஸ்டெல்லா.

கராஜ் கதவை இழுத்து மூடி இருட்டாக்கினாள். சின்ன டார்ச்சை எடுத்துக் குழாய்க்கு உள்ளே விட்டாள். செக்கிங் டேபிளில் கீழே லைட் எரியும், மேலே துணி ஓடும், ஓட்டை இருந்தால் வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். பதினோரு வருடம் அவள் கண் அதைத்தான் பார்த்தது. குழாயை மெதுவாகச் சுற்றினாள். இரண்டாவது குழாய், எஞ்சினோடு சேரும் பிளேட்டுக்குப் பக்கத்தில், மயிரிழை மாதிரி ஒரு கோடு வெளிச்சமாகத் தெரிந்தது.

"இந்தா கெடக்கு."

"வெல்டு விட்டுருச்சா?"

"இல்லங்க. நல்லாப் பாருங்க. தையல் பிரியல. தையலுக்குப் பக்கத்துல துணி கிழிஞ்சிருக்கு." விரலை வைத்துக் காட்டினாள். "இப்படி வந்தா டெய்லரத் திட்டப்பிடாது. எங்கயோ பிடிச்சு இழுத்திருக்கு."

கோயில் தூண். என் பிராக்கெட்.

விஷயம் இதுதான். இரும்பு சூடானால் நீளும். முப்பது மீட்டர் ஸ்டீம் பைப் இரண்டு மூன்று விரல் அகலம் நீளும். அதற்காக நடுவில் 'ப' மாதிரி ஒரு வளைவு, லூப், விடுவோம். நீளுகிறபோது லூப் வளைந்து கொடுக்கும். ஹெடர் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேல்தானே, இதற்கு என்ன லூப் என்று விட்டுவிட்டேன். ஆனால் எக்ஸாஸ்ட் சூடு ஸ்டீமை விட நாலு மடங்குக்கு மேல். அந்த ஒரு முழமும் அரை விரற்கடை நீளுகிறது. ஒரு பக்கம் எஞ்சின் பிடித்திருக்கிறது, மறுபக்கம் நான் தூண் மாதிரிப் பிடித்திருக்கிறேன். அது எங்கே போகும்? வெல்டுக்குப் பக்கத்தில் கிழிந்தது. வெல்டு அப்படியே நிற்கிறது.

நான் ஹெடரை விட்டுவிட்டுப் போனைத் தேடுவதைப் பார்த்து, "என்னாச்சு?" என்றாள். போனை எடுத்து, மூன்று வருடமாக அழிக்காமல் வைத்திருந்த அந்தப் போட்டோவைக் காட்டினேன். ஈர ராடு விஷயத்தையும் அப்போதுதான் சொன்னேன். அவள் படத்தை விரலால் பெரிதாக்கினாள், ஹெடரைப் பக்கத்தில் வைத்தாள், திரும்பப் படத்தைப் பார்த்தாள்.

"இதும் தையல் பிரியலையே. அதே மாதிரிலா கிழிஞ்சிருக்கு."

அப்புறம்தான் நான் பைப்பை விட்டுவிட்டுப் பின்னால் பார்த்தேன். மூன்று வருடமாக விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தவன், முதல் தடவையாக அந்தப் படத்தின் மீதியைப் பார்த்தேன். சுவரில் லைன் போகிறது. நான் லூப் போட்ட இடத்தில் லூப் இல்லை. அதே இடத்தில் ஒரு புது மிஷின், மூடி உயரமாகத் திறந்து நிற்கிறது. லூப் இருந்தால் அந்த மூடி திறக்காது. வெட்டி எடுத்துவிட்டு, நேராக ஒரு துண்டு பைப்பை வைத்துச் சேர்த்திருக்கிறார்கள். முப்பது மீட்டர் நேர்க் குழாய், நீளுவதற்கு எங்கும் இடமில்லாமல், ஒவ்வொரு நாள் காலையும் ஸ்டீம் விடும்போது முனையில் என் ஜாயிண்டைப் போட்டு முட்டியிருக்கிறது. அந்த ஜாயிண்ட் அதையும் தாங்கி நின்றது. பக்கத்தில் பைப்தான் கிழிந்தது. ஈர ராடு தப்புதான். ஆனால் அது காட்டிக்கொடுப்பதாக இருந்தால் முதல் வாரத்திலேயே கொடுத்திருக்கும்.

"மூணு வருசமா இத வெச்சுகிட்டு மனசுக்குள்ள கெடந்து செத்தீயளா?" என்றாள் ஸ்டெல்லா. "எங்கிட்ட ஒரு தடவ காட்டியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்லா."

திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

8

பிராக்கெட்டை வெட்டி எறிந்தேன். சேருகிற இடத்தில் குழாய்க்குள் குழாய் நழுவுகிற மாதிரி மாற்றி, ஸ்பிரிங் வைத்து இழுத்துப் பிடித்தேன். ரப்பரில் தொங்கவிட்டேன். இப்போது ஆட்டினால் ஆடும். ஆட வேண்டும். ஹெலனின் படிவத்தில் மூன்றாவது தப்பாக இதையும் எழுதினேன், போட்டோவோடு. போன வாரம் கையெழுத்துப் போட்டுவிட்டார். நேற்று ஸ்டெல்லாவும் நானும் கடல் வரை போய் வந்தோம். பின்னால் எஞ்சின் சத்தத்தில் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பேசவும் இல்லை. போகிற வழியெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். அனுவும் ஒரு நடை வந்தாள். சிநேகிதிகள் நிற்கிற தெருவாகப் பார்த்துப் போகச் சொன்னாள்.

வெளிநாட்டு வாழ்க்கை இவ்வளவுதான். நன்றாக இருக்கிறது.

இனி உங்களிடம் வருகிறேன் அண்ணா.

லூப்பை வெட்டச் சொன்னது நீங்களா, முதலாளியா, எனக்குத் தெரியாது. மிஷின் வந்துவிட்டது, இடமில்லை, நாளைக்கே ஓட வேண்டும் என்று உங்கள் கழுத்திலும் யாராவது கத்தி வைத்திருக்கலாம். அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பட்டறையில் உங்களுக்குத் தெரியாமல் ஒரு நட்டுகூடக் கழன்றதில்லை. பைப் வெடித்த அன்று அங்கே நின்று போட்டோ எடுத்தவர் நீங்கள். லூப் இல்லை என்பது கண்ணுக்கு நேரே இருந்தது. உங்களுக்கு ஸ்டீம் லைன் தெரியாது என்று யாராவது சொன்னால் நானே அவனோடு சண்டைக்குப் போவேன். எனக்கு லூப் போடக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தான்.

என் பங்குக்கு ஈர ராடை இந்த மலரிலேயே எழுதிவிட்டேன். எல்லாரும் படிக்கட்டும். இனி உங்கள் முறை.

எனக்குத் தனியாகப் போன் போடாதீர்கள். 'கண்ணு, மனசுல வெச்சுக்காத' என்று ஆரம்பிப்பீர்கள், நான் உருகிவிடுவேன், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ஆள் விட்டும் பேசாதீர்கள். எந்தக் குழுவில் சொன்னீர்களோ அதே குழுவில், அதே குரலில் சொல்லுங்கள். ஆண்டு விழாவில் மைக் உங்கள் கைக்கு வரும், அங்கேயும் சொல்லுங்கள். பிஜய் நம்பர் ஆபீஸ் ரிஜிஸ்டரில் இருக்கும். இந்தி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவருக்கும் சொல்லுங்கள். அவர் கையை வேக வைத்தது எது என்று தெரிந்துகொள்ள என்னை விட அவருக்குத்தான் உரிமை அதிகம்.

கேள்வி ஒன்றுதான். அந்த லூப்பை வெட்டச் சொன்னது யார்?

எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள் அண்ணா.